மிச்சமான பணம் எங்கே?

காலநிலைக் கவலையைக் கேள்வி கேட்ட டென்மார்க் புத்தகமும், அதைச் சாட்சிக்கு அழைத்த அரசுகளும்

2001 செப்டம்பர் முதல் வாரம். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் பார்டர்ஸ் புத்தகக் கடை. புதிதாக வெளிவந்த தன் நூலைப் பற்றிப் பேச டென்மார்க்கிலிருந்து வந்திருக்கிறார் அதன் ஆசிரியர். வயது 36. எங்கே போனாலும் ஜீன்ஸும் டி-ஷர்ட்டுமாகப் போகிறவர். கூட்டத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர், கையோடு கொண்டுவந்திருந்த க்ரீம் கேக்கை அப்படியே அவர் முகத்தில் அப்பினார்.

கேக் அப்பியவர் மார்க் லைனஸ், சூழலியல் எழுத்தாளர். வெப்பம் ஏறுவதைக் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கும் அலாஸ்காப் பழங்குடிகளுக்கு ஆதரவாகவே இதைச் செய்ததாகப் பிறகு சொன்னார். கேக்கை வாங்கிக்கொண்டவர் பியோர்ன் லோம்போர்க். டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் துறையில் புள்ளியியல் கற்பித்தவர். நூலின் பெயர் 'தி ஸ்கெப்டிகல் என்விரான்மென்டலிஸ்ட்'. 500 பக்கத்தைத் தாண்டும். பின்குறிப்புகள் மட்டும் ஏறக்குறைய 3,000. வெளியிட்டது கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம்.

கால் நூற்றாண்டு ஆகியும் அந்தப் புத்தகத்தின் வாதம் ஓயவில்லை. 2025 அக்டோபரில், பிரேசிலின் பெலெம் நகரில் ஐ.நா. காலநிலை மாநாடு தொடங்கவிருந்த நேரத்தில், பில் கேட்ஸ் நீண்ட குறிப்பொன்றை வெளியிட்டார். காலநிலை மாற்றத்தால் மனித இனம் அழிந்துவிடாது, வெப்பநிலை எண்ணையே பார்த்துக்கொண்டிராமல் ஏழைகளின் நோயையும் பசியையும் கவனிப்போம் என்பது அதன் சாரம். அந்த விவாதம் இன்னும் நடக்கிறது. கேட்ஸ் சொன்னதன் வேரைத் தேடினால் லோம்போர்க்கிடம்தான் வந்து நிற்போம். 'எது முதலில்?' என்று முதலில் உரக்கக் கேட்டவர் அவர்.

அந்தக் கேள்வி தவறானதல்ல. அதை யார் கையிலெடுத்தார்கள், எடுத்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

மறுக்கப் போனவர் மாறிய கதை

1997-ல் லோம்போர்க் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு புத்தகக் கடையில் 'வயர்ட்' இதழைப் புரட்டிக்கொண்டிருந்தார். அதில் அமெரிக்கப் பொருளியலாளர் ஜூலியன் சைமனின் பேட்டி. உலகம் நாசமாகிக்கொண்டிருக்கிறது என்பது வெறும் பிரமை, மனித வாழ்வு எல்லா அளவுகோல்களிலும் முன்னேறி வருகிறது என்கிறார் சைமன். கிரீன்பீஸ் ஆதரவாளராக இருந்த தனக்கு அது அபத்தமாகப் பட்டதாக லோம்போர்க் எழுதுகிறார். மாணவர்களோடு சேர்ந்து அதைத் தவறென்று நிறுவ உட்கார்ந்தார். சைமன் சொன்னதில் பெரும்பகுதி சரி என்ற முடிவுக்கு வந்து எழுந்தார்.

1998-ல் 'பொலிட்டிகன்' நாளிதழில் நான்கு கட்டுரைகள். டென்மார்க்கே இரண்டுபட்டது. அதே ஆண்டு டேனிஷ் மொழியில் புத்தகம் வந்தது. மூன்று ஆண்டு கழித்து ஆங்கிலப் பதிப்பு.

[பெட்டிச் செய்தி] ஐந்து உலோகம், பத்து ஆண்டு, ஒரு பந்தயம்

லோம்போர்க்கைத் திசைமாற்றிய ஜூலியன் சைமன், 1980-ல் மக்கள்தொகைப் பெருக்கத்தைப் பற்றி எச்சரித்துவந்த உயிரியலாளர் பால் எர்லிக்கோடு பந்தயம் கட்டினார். செம்பு, குரோமியம், நிக்கல், வெள்ளீயம், டங்ஸ்டன் ஆகிய ஐந்தையும் 1,000 டாலருக்கு வாங்கியதாக வைத்துக்கொள்வது. பத்து ஆண்டில், பணவீக்கத்தைக் கழித்த பிறகு, விலை ஏறியிருந்தால் சைமன் பணம் தர வேண்டும். இறங்கியிருந்தால் எர்லிக் தர வேண்டும். 1990-ல் ஐந்தின் விலையும் இறங்கியிருந்தது. எர்லிக் 576 டாலர் 7 சென்ட்டுக்குக் காசோலை அனுப்பினார். எர்லிக்கின் பக்கம் நின்று உலோகங்களைத் தேர்ந்தவர்களில் ஒருவர் இயற்பியலாளர் ஜான் ஹோல்ட்ரன். லோம்போர்க்கை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவரும், பின்னாளில் அதிபர் ஒபாமாவின் அறிவியல் ஆலோசகராக இருந்தவரும் அவரே. அந்தப் பந்தயத்தை வேறு பத்தாண்டுகளில் வைத்திருந்தால் பாதிக்கு மேற்பட்ட முறை எர்லிக்தான் ஜெயித்திருப்பார் என்று பிற்காலத்தில் கணக்கிட்டுக் காட்டினார்கள். அது பரவலாகப் பேசப்படவில்லை.

புத்தகம் சொன்னது என்ன?

லோம்போர்க்கைப் 'பருவநிலை மாற்றமே பொய் என்பவர்' என்று நினைப்பவர்கள் புத்தகத்தைத் திறக்காதவர்கள். பூமி சூடாகிறது, அதற்கு மனிதர்கள் வெளியிடும் கரியமில வாயு காரணம் என்று அவர் ஒப்புக்கொள்கிறார். அவருடைய சண்டை அடுத்த கட்டத்தில் தொடங்குகிறது: அதைத் தடுக்க ஆகும் செலவு தகுமா?

கரியமில வாயு வெளியீட்டைக் குறைக்க 1997-ல் எழுதப்பட்ட கியோட்டோ ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டார். எல்லா நாடுகளும் அதைக் கடைப்பிடித்தாலும், 2094-ல் எட்டவிருந்த வெப்பநிலையை 2100-ல் எட்டுவோம், ஆக மிச்சம் ஆறே ஆண்டு என்றார். அதற்கு ஆண்டுக்கு 15,000 கோடி முதல் 35,000 கோடி டாலர் செலவாகும். அதில் ஓராண்டுச் செலவு இருந்தால் உலகிலுள்ள அத்தனை பேருக்கும் குடிநீரும் கழிப்பறையும் தந்துவிடலாம் என்று எழுதினார்.

அந்த ஒரு வரிதான் புத்தகத்தைத் தூக்கி நிறுத்தியது. வயிற்றுப்போக்கில் குழந்தைகள் சாகும் ஊர்களைப் பார்த்த யாரையும் அது உலுக்கும். என்னையும் உலுக்கியது. நூறு ஆண்டுக்கு அப்புறம் பிறக்கப் போகிறவர்களுக்காக இன்று தாகத்தில் இருப்பவனைக் காக்க வைப்பது நியாயமா என்ற கேள்வியை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது.

அறிஞர்கள் திருப்பி அடித்தார்கள்

'நேச்சர்' இதழில் கடுமையான மதிப்புரை வந்தது. 2002 ஜனவரியில் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' நான்கு அறிஞர்களை அழைத்து எழுதச் சொன்னது. காலநிலைக்கு ஸ்டீஃபன் ஷ்னைடர், எரிசக்திக்கு ஹோல்ட்ரன், மக்கள்தொகைக்கு ஜான் போங்கார்ட்ஸ், உயிரினப் பன்மைக்குத் தாமஸ் லவ்ஜாய். ஷ்னைடர் வைத்த குற்றச்சாட்டு எளிமையானது. 2100-க்குள் வெப்பம் 1.4 டிகிரி முதல் 5.8 டிகிரி வரை ஏறலாம் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. ஓர் எல்லையைத் தந்திருக்கிறது. லோம்போர்க் கீழ்க்கோடியை மட்டும் பிடித்துக்கொள்கிறார், மேல்கோடிக்கான ஆபத்தைக் கணக்கில் சேர்க்கவே இல்லை என்றார்.

இந்த முறை எப்படி வேலை செய்கிறது என்பதற்கு அவருடைய 2007-ஆம் ஆண்டு நூலான 'கூல் இட்' நல்ல உதாரணம். பனிக்கரடிகள் அழியவில்லை, 1960-களைவிடப் பல மடங்கு பெருகியிருக்கின்றன என்கிறது அந்த நூல். பெருகியது உண்மைதான். ஆனால் 1973-ல் வடதுருவ நாடுகள் ஐந்தும் சேர்ந்து வேட்டையைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் போட்டதால் பெருகின. வேட்டை நின்றது அவற்றைக் காப்பாற்றியது. அவை நின்று இரை தேடும் கடல்பனி உருகுவது தனிக் கதை. இரண்டையும் ஒரே கோட்டில் போட்டால், பனி உருகினாலும் கரடி பிழைத்துக்கொள்ளும் என்று வாசகர் நினைத்துக்கொள்வார். ஹவர்ட் ஃப்ரீல் என்ற அமெரிக்க எழுத்தாளர் லோம்போர்க்கின் மேற்கோள்களைத் தேடித் தேடிச் சரிபார்த்து 2010-ல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். யேல் பல்கலைக்கழகப் பதிப்பகம் அதை வெளியிட்டது.

டென்மார்க்கில் விவகாரம் இன்னும் முற்றியது. அறிவியல் நேர்மையின்மையை விசாரிக்கும் அரசுக் குழு 2003 ஜனவரியில் தீர்ப்புச் சொன்னது. புத்தகம் நல்ல அறிவியல் நடைமுறைக்கு முரணானது, ஆனால் ஆசிரியருக்குத் துறை அறிவு போதாததால் வேண்டுமென்றே செய்தார் என்று சொல்ல முடியாது என்றது. அதே ஆண்டு டிசம்பரில் அறிவியல் அமைச்சகம் அந்தத் தீர்ப்பையே குறை கண்டது. குற்றத்துக்கான ஆதாரத்தைக் குழு எடுத்துக்காட்டவில்லை என்று திருப்பி அனுப்பியது. 2004 மார்ச்சில், இனி இதை விசாரிக்கப் போவதில்லை என்று குழு கைவிட்டது.

இந்த விசாரணை நடந்திருக்கவே கூடாது என்று நினைக்கிறேன். தவறான புத்தகத்துக்கு மறுப்பு எழுதலாம், வரிக்கு வரி பிய்த்துக் காட்டலாம். தீர்ப்பு வழங்கப் போனதால், ஒடுக்கப்பட்ட உண்மை விளம்பி என்ற பட்டம் லோம்போர்க்குக்குக் கிடைத்தது. 2004-ல் 'டைம்' இதழ் உலகின் செல்வாக்கு மிக்க 100 பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் கேக்கை அப்பிய லைனஸும் பிறகு எழுத்துக்குத் திரும்பினார். 2008-ல் ராயல் சொசைட்டியின் அறிவியல் நூல் பரிசு பெற்றார். 2021-ல் அவரும் கூட்டாளிகளும் 88,125 காலநிலை ஆய்வுக் கட்டுரைகளை ஆராய்ந்து, மனிதச் செயலே காரணம் என்பதில் 99 சதவிகிதத்துக்கும் மேல் ஒத்த கருத்து இருப்பதாகக் காட்டினார்கள்.

நூறு ஆண்டு வட்டி

2004-ல் லோம்போர்க் கோபன்ஹேகனில் எட்டுப் பொருளியலாளர்களைக் கூட்டினார். ஜகதீஷ் பகவதியும் அதில் இருந்தார். 5,000 கோடி டாலர் கையில் இருந்தால் உலகின் எந்தத் துயரை முதலில் தீர்ப்பீர்கள் என்பது கேள்வி. எய்ட்ஸ் தடுப்பு முதலிடம், நுண்சத்துக் குறைபாடு இரண்டாமிடம். பட்டியலில் மொத்தம் 17 யோசனைகள். கடைசி மூன்று இடமும் காலநிலைக்கு. கோபன்ஹேகன் கன்சென்சஸ் என்ற பெயரில் அது உலகம் முழுக்கப் பரவியது.

காலநிலை ஏன் கடைசிக்குப் போனது என்பதற்கான விடை பெரும்பாலும் வட்டிக் கணக்கில் இருக்கிறது. புகை விடுவதைக் குறைக்கும் செலவு இன்று, பலன் நூறு ஆண்டு கழித்து. எதிர்கால நஷ்டத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரப் பொருளியலாளர்கள் ஆண்டுக்கு இத்தனை சதவிகிதம் என்று கழித்துக்கொண்டே வருவார்கள். நூறு ஆண்டு கழித்து வரப்போகும் ஒரு கோடி ரூபாய் நஷ்டத்தைத் தடுக்க இன்று எவ்வளவு செலவழிக்கலாம்? 1.4 சதவிகிதம் வைத்துக் கழித்தால் சுமார் 25 லட்சம். 5 சதவிகிதம் வைத்தால் வெறும் 76 ஆயிரம். அதே வெள்ளம், அதே வீடு, அதே ஆட்கள். ஓர் எண்ணை மாற்றியதும் அவர்களுடைய உயிரின் விலை முப்பதில் ஒரு பங்காகிவிடுகிறது.

2006-ல் பிரிட்டன் அரசுக்காக அறிக்கை எழுதிய நிக்கோலஸ் ஸ்டெர்ன் 1.4 என்ற அளவில்தான் கழித்தார், உடனே செயல்பட வேண்டும் என்றார். பின்னாளில் நோபல் பெற்ற வில்லியம் நார்ட்ஹவுஸ் போன்றோர் அதைவிடப் பல மடங்கு வைத்தார்கள், மெதுவாகப் போகலாம் என்றார்கள். உயர்ந்த வட்டிக்குச் சொல்லப்படும் நியாயம் இது: நம் பேரப்பிள்ளைகள் நம்மைவிடப் பணக்காரர்களாக இருப்பார்கள், அவர்களுக்காக இன்றைய ஏழை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? யாருடைய பேரப்பிள்ளைகள் என்பதை இந்த நியாயம் சொல்வதில்லை. உலக சராசரி வருமானம் ஏறும்போது வங்கதேசத்துக் கடலோர மீனவரின் பேரனும் சேர்ந்து ஏறிவிடுவான் என்று எந்தச் சூத்திரமும் உத்தரவாதம் தராது.

மிச்சம் பிடித்தவர்கள்

'காலநிலைக்குக் கொட்டும் பணத்தை ஏழைகளுக்குக் கொடுங்கள்' என்ற வாக்கியத்தில் இரண்டு பாதி உண்டு. முதல் பாதியை அரசுகள் ஆவலோடு ஏற்றுக்கொண்டன. இரண்டாம் பாதியை என்ன செய்தன என்று பார்க்க வேண்டும்.

டென்மார்க்கிலிருந்தே தொடங்கலாம். 2001 நவம்பரில் ஆண்டர்ஸ் ஃபோக் ராஸ்முஸன் ஆட்சிக்கு வந்தார். மூன்றே மாதத்தில் லோம்போர்க்கை அழைத்து, சூழல் திட்டங்களின் வரவு செலவை மதிப்பிடும் அரசு நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, இயக்குநர் ஆக்கினார். சூழலுக்கான செலவு வெட்டப்பட்டது. மிச்சமான பணம் ஏழை நாடுகளுக்குப் போயிருக்க வேண்டும் அல்லவா? 2000-ல் டென்மார்க் தன் தேசிய வருமானத்தில் 1.06 சதவிகிதத்தை வெளிநாட்டு உதவியாகக் கொடுத்துவந்தது. உலகிலேயே மிகத் தாராளமான நாடுகளில் ஒன்று அது. 2005-ல் அந்த அளவு 0.81 சதவிகிதம். இரண்டையும் சேர்த்தே குறைத்தார்கள்.

அடுத்து ஆஸ்திரேலியா. 2014 ஜூலையில் டோனி அபட் அரசு கரிம வரியை ரத்து செய்தது. 2015-ல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் லோம்போர்க்கின் முறையைப் பின்பற்றும் மையம் அமைக்க 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர முன்வந்தது. பேராசிரியர்களும் மாணவர்களும் கொதித்தெழ, மே மாதம் பல்கலைக்கழகம் வேண்டாம் என்று திருப்பிவிட்டது. இந்தச் சண்டை தலைப்புச் செய்தியானது. அதே மே மாதம் வந்த பட்ஜெட்டில் வெளிநாட்டு உதவி ஒரே அடியாக 100 கோடி ஆஸ்திரேலிய டாலர், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, வெட்டப்பட்டது. அந்நாட்டு வரலாற்றில் ஓராண்டில் நடந்த மிகப் பெரிய வெட்டு அதுதான்.

அமெரிக்காவின் கதை இவ்வளவு நேர்க்கோட்டில் போகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2001-ல் கியோட்டோவிலிருந்து விலகிய அதே ஜார்ஜ் புஷ், 2003-ல் எய்ட்ஸ் ஒழிப்புக்கு ஐந்து ஆண்டில் 1,500 கோடி டாலர் என்று அறிவித்தார். ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்களை அந்தத் திட்டம் காப்பாற்றியது. கியோட்டோவில் மிச்சமான காசில் அது நடக்கவில்லை. புஷ் மனம் வைத்தார், காங்கிரஸ் பணம் ஒதுக்கியது, அவ்வளவுதான். ஒன்றைக் கைவிட்டால்தான் இன்னொன்று முடியும் என்பதற்கு அது சாட்சியாகாது.

2025-ல் திரை முழுக்க விலகிவிட்டது. ஜனவரியில் பதவியேற்ற அன்றே டிரம்ப் பாரீஸ் காலநிலை ஒப்பந்தத்திலிருந்து விலகும் உத்தரவில் கையெழுத்திட்டார். அதே நாளில் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைக்கும் உத்தரவிலும் கையெழுத்திட்டார். ஜூலை 1-ஆம் தேதி, அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி முகமையான யு.எஸ்.எய்ட் இழுத்து மூடப்பட்டது. இந்த வெட்டுகளால் 2030-க்குள் ஒரு கோடியே நாற்பது லட்சம் பேர் கூடுதலாக இறக்கக்கூடும் என்று 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

லோம்போர்க் உதவித் தொகையை வெட்டச் சொல்லி எழுதியவர் அல்ல. சத்துணவுக்கும் தடுப்பூசிக்கும் காசநோய்க்கும் பணம் கேட்டு ஆண்டுக்கணக்கில் எழுதிவருகிறார். அதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருடைய வாதம் ஒரே ஒரு பை இருப்பதாக வைத்துக்கொள்கிறது, இங்கே எடுத்தால் அங்கே போகும் என்று நம்புகிறது. அரசாங்கங்களின் கஜானா அப்படி நடப்பதில்லை. காலநிலையில் மிச்சம் பிடித்தது வரிக்குறைப்புக்குப் போகலாம், ராணுவத்துக்குப் போகலாம், கடனை அடைக்கப் போகலாம். கழிப்பறைக்குப் போகும் என்று யாரும் எங்கேயும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுக்குப் பிறகும் அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

[பெட்டிச் செய்தி] 141 புத்தகங்கள்

1972 முதல் 2005 வரை ஆங்கிலத்தில் வெளிவந்த, சூழல் சீர்கேட்டைச் சந்தேகிக்கும் 141 நூல்களைச் ஆய்வாளர்கள் ஜாக்ஸ், டன்லப், ஃப்ரீமன் மூவரும் ஆராய்ந்து 2008-ல் கட்டுரை வெளியிட்டார்கள். அவற்றில் 92 சதவிகிதத்துக்கும் மேற்பட்டவை பழமைவாதச் சிந்தனை மையங்களோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புள்ளவை. நாவலும் இந்த வேலையைச் செய்திருக்கிறது. 'ஜுராசிக் பார்க்' எழுதிய மைக்கேல் கிரைட்டன் 2004-ல் 'ஸ்டேட் ஆஃப் ஃபியர்' என்ற த்ரில்லரை வரைபடங்களும் அடிக்குறிப்புகளுமாக எழுதினார். வெப்பமடைதல் பெரும்பாலும் கிளப்பிவிடப்பட்ட பீதி என்பது அதன் தொனி. மறு ஆண்டு அமெரிக்க செனட் குழு ஒன்று அந்த நாவலாசிரியரைச் சாட்சியாக அழைத்து விசாரித்தது.

பலித்தது ஒன்று, பலித்த விதம் வேறு

எதிர்க்கட்சி வக்கீல் போல எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டே போக விருப்பமில்லை. ஒரு விஷயத்தில் லோம்போர்க் பலரைவிட முன்கூட்டியே சரியாகப் பார்த்தார். சூரிய மின்சாரத்தின் விலை பத்தாண்டுக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே வருகிறது, அது தொடர்ந்தால் நிலக்கரி தானாகவே தோற்றுப்போகும், ஆகவே பயங்கரமான வெப்பக் கணிப்புகள் நிகழாது என்று எழுதினார்.

நடந்தது அவர் சொன்னதைவிட வேகமாக நடந்தது. 2010 முதல் 2020 வரையிலான பத்து ஆண்டில் பெரிய சூரிய மின்நிலையங்களின் உற்பத்திச் செலவு ஏறக்குறைய 85 சதவிகிதம் விழுந்தது. எப்படி விழுந்தது? 2000-ல் ஜெர்மனி ஒரு சட்டம் போட்டது. கூரையில் சூரியத் தகடு போட்டால் அந்த மின்சாரத்தை இருபது ஆண்டுக்கு நல்ல விலைக்கு வாங்கிக்கொள்வோம் என்றது. தகடு கேட்டு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். அந்தச் சந்தையை நம்பிச் சீனாவில் தொழிற்சாலைகள் எழுந்தன. செய்யச் செய்யக் கை பழகியது, ஆலை பெருத்தது, விலை சரிந்தது. ஜெர்மனியின் மானியத்தைப் பண விரயம் என்று லோம்போர்க் கடுமையாகச் சாடிவந்தார். ஆய்வுக்கூடத்தில் பணம் போடுங்கள், மலிவானதும் மக்களே வாங்கிக்கொள்வார்கள் என்பது அவர் வழி. ஆய்வுக்கூடம் தேவைதான். ஆனால் விலையை வீழ்த்தியதில் பெரும்பங்கு அவர் வீண் என்ற செலவுக்கு உண்டு. ஜெர்மானியர்கள் தம் மின்கட்டணத்தில் கூடுதலாகக் கட்டிய காசின் பலனை இன்று ராஜஸ்தான் பாலைவனத்துச் சூரியப் பூங்காக்கள் அனுபவிக்கின்றன.

இதற்கிடையே வெப்பமானியும் நிற்கவில்லை. 2024, தொழிற்புரட்சிக்கு முந்தைய அளவைவிட 1.5 டிகிரிக்கு மேல் சூடான முதல் ஆண்டு. கடல்மட்டம் 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஆண்டுக்கு 1.3 மில்லிமீட்டர் ஏறியது. 2006-க்குப் பிறகு 3.7 மில்லிமீட்டர்.

தில்லியிலிருந்து வந்த மறுப்பு

மேலோங்கிய கருத்தை மறுப்பது பாவம் அல்ல. இந்தியாவிலிருந்தே அதற்குப் பெருமைப்படத்தக்க முன்னுதாரணம் இருக்கிறது. லோம்போர்க்குக்குப் பத்து ஆண்டு முன்பே எழுதப்பட்டது அது.

1990-ல் வாஷிங்டனிலிருந்து இயங்கும் உலக வளங்கள் நிறுவனம் ஒரு கணக்கு வெளியிட்டது. உலகை அதிகம் சூடாக்கும் நாடுகளின் முன்வரிசையில் இந்தியா, சீனா, பிரேசில் நின்றன. நம் நெல்வயலும் மாட்டுத்தொழுவமும் விடும் மீத்தேன் வாயுவும் அதில் சேர்க்கப்பட்டிருந்தது. தில்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையத்தின் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும் 1991-ல் சிறு நூல் ஒன்றால் பதிலடி கொடுத்தார்கள். ஏழை உழவர் வயலிலிருந்து எழும் வாயுவும் பணக்கார நாட்டுக் காரிலிருந்து எழும் புகையும் ஒன்றா, காற்றுமண்டலத்தில் ஒவ்வொரு மனிதனுக்கும் சமபங்கு இல்லையா என்று கேட்டார்கள்.

கேள்வியோடு நிற்காமல் அளக்கவும் செய்தார்கள் நம்மவர்கள். இந்திய நெல்வயல்கள் ஆண்டுக்கு 3.7 கோடி டன்னுக்கும் மேல் மீத்தேன் விடுவதாக அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு முகமை மதிப்பிட்டிருந்தது. வேறு நாட்டு வயல்களின் அளவை வைத்துப் போட்ட கணக்கு அது. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் விஞ்ஞானி ஏ.பி. மித்ரா தலைமையில் நாடெங்கும் ஆய்வுக்குழுக்கள் வயலில் இறங்கின. நாற்றுக்கு மேல் பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றை ஊசியில் உறிஞ்சி, ஆய்வகத்தில் மீத்தேனை அளந்தார்கள். நீர் தேங்கும் வயல், மானாவாரி வயல், வடிந்து காயும் வயல் என்று தனித்தனியாகப் பார்த்தார்கள். உண்மை அளவு சுமார் 40 லட்சம் டன். ஒன்பதில் ஒரு பங்கு! உலக அறிவியல் அதை ஏற்றுத் தன் கணக்கைத் திருத்திக்கொண்டது.

அகர்வாலும் நாராயணும் எழுதிய அந்தச் சிறு நூலும் மேலோங்கிய கருத்துக்கு எதிராக நின்றதுதான். ஆனால் அது பணக்கார நாடுகளிடம் கூடுதல் பொறுப்பைக் கேட்டது, புதிய அளவீட்டுக்கு வழிவிட்டது. லோம்போர்க்கின் நூல் பணக்கார நாடுகளின் பொறுப்பைத் தளர்த்தியது. இரண்டுமே ஏழைகளின் பெயரால் பேசின. நாம் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இந்தியாவோடு லோம்போர்க்குக்கு நேரடித் தொடர்பும் உண்டு. 2018-ல் டாடா அறக்கட்டளைகளோடு சேர்ந்து ஆந்திரம், ராஜஸ்தான் மாநிலங்களுக்கு எந்தத் திட்டத்தில் போடும் ரூபாய்க்கு எவ்வளவு பலன் என்று அவருடைய மையம் கணக்கிட்டது. காசநோய் சிகிச்சை போன்றவை அதில் இருந்தன. ஒரு மாநில அரசுக்கு அப்படிப்பட்ட கணக்கு உபயோகமானது. மாநில பட்ஜெட் ஒரே பை, அதை எப்படிப் பங்கிடுவது என்று ஒரே மன்றம் முடிவு செய்கிறது. இந்த முறையை உலகத்துக்கே விரிக்கும்போதுதான் கணக்கு உதைக்கிறது. உலகத்துக்கு ஒரு பட்ஜெட்டும் இல்லை, ஒரு நிதியமைச்சரும் இல்லை.

புத்தகத்திலிருந்து அரசாணை வரை

லோம்போர்க் திறந்த வாசலில் பலர் நுழைந்தார்கள். இயற்பியலாளர் ஸ்டீவன் கூனின் 2021-ல் 'அன்செட்டில்டு' என்ற நூலில், காலநிலை அறிவியல் முடிந்த முடிவு அல்ல என்று வாதிட்டார். நன்றாக விற்றது. 2025-ல் அமெரிக்க எரிசக்தித் துறை ஐந்து பேரை அழைத்து அறிக்கை எழுதச் சொன்னது. ஐவரில் ஒருவர் கூனின். ஜூலையில் அறிக்கை வெளியானது. அதே சமயத்தில், பசுமைக்குடில் வாயுக்கள் மக்கள் நலனுக்குக் கேடு என்ற 2009-ஆம் ஆண்டு அரசு முடிவை ரத்து செய்யும் முன்மொழிவும் வந்தது. கார்ப் புகை முதல் அனல்மின் நிலையம் வரை அந்நாட்டில் இந்த வாயுக்களைக் கட்டுப்படுத்தச் சட்ட அடிப்படையாக இருந்தது அந்த முடிவுதான். ஏறக்குறைய ஒரு மாதத்தில் 85-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கூடி 400 பக்கத்துக்கு மேல் மறுப்பு எழுதினார்கள். 2002-ல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழுக்கு நான்கு பேர் போதுமானவர்களாக இருந்தார்கள்.

ஏழை நாடுகள் என்ன கேட்கின்றன? 2024-ல் பாகு நகரில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் வளரும் நாடுகள் ஆண்டுக்கு 1.3 லட்சம் கோடி டாலர் கேட்டன. கிடைத்த வாக்குறுதி 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர். இந்தியா எழுந்து மறுப்புத் தெரிவித்தது. அந்த நாடுகள் கேட்ட பட்டியலில் கடல் அரிப்பைத் தடுக்கும் சுவரும் இருக்கிறது, குடிநீரும் இருக்கிறது, வறட்சி தாங்கும் விதையும் இருக்கிறது. இது காலநிலைச் செலவு, அது வறுமைச் செலவு என்று அவர்கள் பிரிப்பதில்லை. பிரிக்கச் சொன்னவர்கள் வெளியே இருக்கிறார்கள்.

லோம்போர்க் இப்போதும் எழுதுகிறார். 2023-ல் வந்த 'பெஸ்ட் திங்ஸ் ஃபர்ஸ்ட்' நூலில், காசநோய், மலேரியா, பிரசவப் பாதுகாப்பு, குழந்தை ஊட்டச்சத்து என்று பன்னிரண்டு திட்டங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். அத்தனைக்கும் ஆண்டுக்கு 3,500 கோடி டாலர் போதும், 42 லட்சம் உயிர் பிழைக்கும் என்கிறார். நல்ல பட்டியல், ஒன்றைக்கூட நீக்கச் சொல்ல மாட்டேன். மூடப்பட்ட யு.எஸ்.எய்ட் 2023-ல் நிர்வகித்த தொகை 4,000 கோடி டாலருக்கும் மேல், அதில் கணிசமான பங்கு இதே மலேரியாவுக்கும் காசநோய்க்கும் தாய்சேய் நலத்துக்கும் போய்க்கொண்டிருந்தது. பாரீஸிலிருந்து விலகியவர்கள் கையில் பணம் மிச்சமானது, உதவியை நிறுத்தியதிலும் மிச்சமானது. தன் வாதத்தின் முதல் பாதியை நிறைவேற்றிய அரசுகள் இரண்டாம் பாதியை என்ன செய்தன என்று நாடுவாரியாக, ஆண்டுவாரியாக, தன் வழக்கப்படி 3,000 பின்குறிப்புகளோடு அவர் ஒரு கணக்கு எழுத வேண்டும். அந்தப் புத்தகம் இன்னும் வரவில்லை.